கண்ணாடி இல்லாத கண்ணாடி

போன மாதம் என் மூக்குக்கண்ணாடி மேஜையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எனக்கு முன்னால் ஓடிப்போய் எடுத்தவள் என் ஆறு வயது மகள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு விரிசல்கூட இல்லை. முந்தின வாரம்தான் அவள் கைதவறிப் போட்ட கண்ணாடித் தம்ளர் சுக்குநூறாகி, கூட்டி முடிக்கும்வரை யாரும் இந்தப் பக்கம் வரக் கூடாது என்று நான் கத்தியிருந்தேன். அவளுக்குச் சந்தேகம் வந்ததில் வியப்பில்லை.

"ஏம்மா இது உடையல?"

"இது கண்ணாடி இல்லடா, பிளாஸ்டிக்."

"கண்ணாடின்னுதானே சொல்ற?"

சொல்கிறேன்தான். முகம் பார்ப்பது கண்ணாடி, மூக்கில் மாட்டுவது கண்ணாடி, ஜன்னலில் இருப்பதும் கண்ணாடி. மரமும் அப்படித்தான். வெளியே இலையோடு நிற்பதும் மரம், அறுத்துக் கதவு செய்வதும் மரம். 'பொருள்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்களேன். நாற்காலி ஒரு பொருள்; அது எதனால் ஆனதோ அதுவும் பொருள்; நான் எழுதும் வாக்கியத்துக்கு இருப்பதாக நம்புவதும் பொருள். பெரியவர்களுக்கு இது பழகிவிட்டது. ஆறு வயதுக்காரிக்கு நாம் ஏமாற்றுவது போலத் தெரிகிறது.

சரி, ஏமாற்றும் பெயர்களைப் பிடிப்போம் என்று இருவரும் வீட்டைச் சுற்றினோம். அன்று தொடங்கியதுதான் இதெல்லாம்.

முதலில் மாட்டியது அவள் பென்சில் பெட்டியிலிருந்த ரப்பர். வெள்ளையாக, வழவழவென்று இருக்கும் அழிப்பான்களில் பெரும்பாலானவை வினைல் வகைப் பிளாஸ்டிக், ரப்பரே கிடையாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பென்சில் கோட்டை அருமையாக அழிக்கும் ஒரு பொருள் வந்திருக்கிறது என்று 1770-ல் ஆங்கில விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லி எழுதிவைத்தார். தேய்த்து அழிக்க உதவியதால்தான் மரத்துப்பாலிலிருந்து வந்த அந்தப் பொருளுக்கு ஆங்கிலத்தில் 'ரப்பர்' என்றே பெயர் வந்தது. ஆக, செய்த வேலையிலிருந்து பொருளுக்குப் பெயர் வந்தது. இப்போது அந்த வேலையைச் செய்வது வேறொரு பொருள். பெயர் மட்டும் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது எவர்சில்வர். இதில் வெள்ளி துளியும் இல்லை. இரும்போடு குரோமியம் சேர்த்த எஃகு. 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருக்கிய குரோமிய எஃகைத்தான் இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். குரோமியம் சுமார் பத்தரை சதவீதத்துக்கு மேல் இருந்தால், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் கண்ணுக்கே தெரியாத ஒரு மெல்லிய படலம் உருவாகிவிடும். கீறினாலும் அது தானாக மறுபடி மூடிக்கொள்ளும். துரு பிடிக்காததன் ரகசியம் அதுதான்.

இதை நான் அவளிடம் சொல்லவில்லை. ஒரு காந்தத்தைக் கையில் கொடுத்தேன். பெரிய, தட்டையான காந்தம். (பொடிப் பொடிக் காந்தங்களை எங்கள் வீட்டுக்குள் விடுவதில்லை. குழந்தை இரண்டை விழுங்கிவிட்டால், குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவில் ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைத்துவிடும். பொத்தான் பேட்டரிக்கும் அதே தடை.) கரண்டிப் பெட்டியைத் தரையில் கவிழ்த்து ஒவ்வொன்றாகச் சோதித்தாள். சிலது ஒட்டியது, சிலது ஒட்டவில்லை. "இதுவும் எவர்சில்வர், அதுவும் எவர்சில்வர். அப்புறம் ஏன்?" சில கரண்டிகளின் பின்பக்கம் 18/8, 18/10 என்று பொறித்திருக்கும். முதல் எண் குரோமியத்தின் சதவீதம், இரண்டாவது நிக்கல். போதுமான நிக்கல் சேரும்போது இரும்பு அணுக்கள் வேறு விதமாக அடுக்கிக்கொள்கின்றன. அந்த அடுக்கில் காந்தம் வேலை செய்யாது. ஒட்டாத கரண்டிகளில் எண்ணைத் தேடி, மூன்றில் கண்டுபிடித்தாள். அன்று மாலை வீட்டுக்கு யார் வந்தாலும் கரண்டியைக் காட்டாமல் விடவில்லை.

அன்று எனக்கு ஒன்று புரிந்தது. ஒற்றைக் கரண்டியைக் கையில் கொடுத்திருந்தால் அது வெறும் கரண்டி. பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும் இரண்டைக் கொடுத்து, ஒன்று இப்படியும் மற்றொன்று அப்படியும் நடந்துகொண்டதால்தான் கேள்வியே வந்தது. அதிலிருந்து எதைக் காட்டினாலும் பக்கத்தில் இன்னொன்றை வைத்துவிடுகிறேன்.

பனிக்கட்டி விவகாரமும் இதே போலத்தான். ஒரு காலை, கதவின் உலோகக் கைப்பிடியைத் தொட்டுவிட்டு, "இரும்பு சில்லுன்னு இருக்கு, கதவு சில்லுன்னு இல்ல" என்றாள். தொட்டுப் பார்த்து எடுத்த முடிவு, அவள் வரையில் அதில் தப்பில்லை. அறை வெப்பமானியை முதலில் மரப் பலகை மேலும், அப்புறம் அலுமினியத் தட்டு மேலும் வைத்து நேரம் கொடுத்துப் பார்த்தோம். இரண்டிலும் ஒரே அளவு காட்டியது. அவள் நம்பவில்லை, வெப்பமானி கெட்டுப்போய்விட்டது என்றாள். ஒரு விஞ்ஞானி முதலில் சந்தேகப்படுவதும் கருவியைத்தான், அதனால் நானும் எதிர்த்துப் பேசவில்லை.

பலகை மேல் ஒரு பனிக்கட்டி, தட்டின் மேல் ஒரு பனிக்கட்டி. ஒரே அச்சில் உறைந்தவை. எது முதலில் உருகும்? அவள் யோசிக்கவே இல்லை. "பலகைதான். தட்டு சில்லுன்னு இருக்கே, அதுல உருகாது." பக்கத்து வீட்டுப் பையன், அவனுக்கு ஒன்பது வயது, அதையே சொன்னான். பந்தயத்தைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். எழுதி வாங்கவில்லை என்றால் முடிவு வந்த பிறகு "நான் அப்பவே சொன்னேன்" என்பார்கள். இதில் பெரியவர்களும் சளைத்தவர்கள் இல்லை.

இரண்டு நிமிடத்திலேயே தட்டிலிருந்த கட்டியின் அடியில் நீர் கசிந்தது. கொஞ்ச நேரத்தில் அது தன் தண்ணீரிலேயே வழுக்கி மெதுவாகத் தட்டின் ஓரத்துக்கு நகர்ந்தது. விளிம்புகள் வட்டமாகி, நடுவிலிருந்த வெள்ளைக் குமிழ்கள் வெளியே தெரிந்தன. பலகை மேல் இருந்ததோ வைத்த இடத்தில், வைத்த வடிவத்தில், முகம் லேசாக ஈரமாகி உட்கார்ந்திருந்தது. பையன் தட்டைத் தொட்டான். "ஆன்ட்டி, தட்டு இப்போ இன்னும் சில்லுன்னு ஆயிடுச்சு!" அவன் கவனித்தது முக்கியமான விஷயம். தட்டு தன்னிடம் இருந்த வெப்பத்தைப் பனிக்கட்டிக்குக் கொடுத்துவிட்டது.

அலுமினியம் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நம் தோல் அறையைவிடச் சூடாக, 33 டிகிரி வாக்கில் இருக்கும். உலோகத்தைத் தொட்டால் அந்தச் சூட்டை அது இழுத்துக்கொண்டே போகிறது. மரம் மேலாகக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு அங்கேயே நிறுத்திவிடும். விரல் உணர்வது பொருளின் வெப்பநிலையை என்று நினைத்துக்கொள்கிறோம். தன் சூடு எவ்வளவு வேகமாகப் பறிபோகிறது என்பதைத்தான் அது பெரிதும் உணர்கிறது. விரலிடமிருந்து பறிப்பதால் சில்லென்று தோன்றும் அதே தட்டு, பனிக்கட்டிக்கு வாரி வழங்கும். இதைச் சொல்லி முடித்ததும் மகள் வெப்பமானியை மன்னித்துவிட்டாள்.

மறுவாரம் ஒரு பனிக்கட்டியைக் கம்பளிச் சட்டையில் சுற்றி, இன்னொன்றைச் சும்மா விட்டோம். "கம்பளி சூடு, சீக்கிரம் உருகும்" என்று மறுபடி பந்தயம். மறுபடி தோற்றார்கள். ஆனால் இந்த முறை விரித்துப் பார்ப்பதற்கு முன்பே பையன் முகத்தில் ஒரு கலக்கம் தெரிந்தது. "இருங்க ஆன்ட்டி, நான் மாத்திச் சொல்லவா?" என்றான். எனக்கு அந்த முகம்தான் வேண்டியிருந்தது.

நடுவில் ஒரு புலம்பல். அறிவியல் பெட்டி என்று ஒன்றைப் பரிசாக வாங்கிக் கொடுத்திருந்தேன். வழிமுறை அட்டையில் படம், அளந்து வைத்த பொடிகள், கடைசியில் படத்தில் இருப்பது போலவே நுரை. முதல் நாள் கைதட்டினாள். மறுநாள் அது கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. என்ன வரும் என்பது பெட்டியின் மேலேயே அச்சாகியிருக்கும்போது அதில் பார்க்க என்ன இருக்கிறது?

இதை எழுதும்போது ஆக்னஸ் பொக்கல்ஸ் நினைவுக்கு வருகிறார். ஜெர்மனியில், பெண்கள் பல்கலைக்கழகம் போக முடியாத காலத்தில், வீட்டு வேலைகளைக் கவனித்துக்கொண்டு இருந்தவர். நீரின் மேற்பரப்பில் எண்ணெயோ சோப்போ பட்டால் அதன் இழுவிசை எப்படி மாறுகிறது என்பதைச் சமையலறையிலேயே அளந்தார். கருவி: நீளமான ஒரு தகரத் தொட்டி, குறுக்கே வைக்க ஒரு தகரப் பட்டை, ஒரு சின்னத் தராசு. 1891-ல் தன் முடிவுகளை ஆங்கில இயற்பியலாளர் லார்ட் ரேலேவுக்குக் கடிதமாக எழுதினார். அவர் அதை 'நேச்சர்' என்ற அறிவியல் இதழுக்கு அனுப்பி வெளியிட வைத்தார். பிற்காலத்தில் மேற்பரப்பு வேதியியலில் பெரிதாகப் பயன்பட்ட கருவிக்கு அந்தத் தகரத் தொட்டிதான் முன்னோடி. பெட்டி வாங்கிய காசை நினைத்து நான் பெருமூச்சு விட்டது இதைப் படித்த அன்றுதான்.

காகிதத்துக்கு வருகிறேன். பழைய செய்தித்தாளை ஒரு திசையில் கிழித்தால் ரூல் போட்டது போல நேராகப் போகும். தாளைத் திருப்பி மற்றத் திசையில் கிழித்துப் பாருங்கள், எவ்வளவு கவனமாகப் பிடித்தாலும் கோணல்மாணலாகத்தான் வரும். ஆலையில் நீரில் கரைத்த மரக்கூழ் ஓடுகிற வலைமேல் ஊற்றப்படும்போது இழைகளில் பெரும்பங்கு வலை ஓடும் திசையிலேயே படுத்துக்கொள்கின்றன. இழைகளுக்கு இணையாகக் கிழிப்பது எளிது, அவற்றை வெட்டிக்கொண்டு போவது கடினம். என் மகள் இதை ஒரு வார மாலைகளில் தீர ஆராய்ந்தாள். வீட்டில் படிக்காத செய்தித்தாள் மிஞ்சவில்லை.

சாக்பீஸ்தான் என்னையே அசரவைத்தது. ஒரு சாக்பீஸை இரண்டு கையாலும் பிடித்து வளைத்தால் 'டக்'கென்று ஒடியும். ஒடிந்த முகம் ஏறக்குறைய தட்டையாக, குறுக்கே வெட்டியது போல இருக்கும். இன்னொன்றை எடுங்கள். வளைக்காமல், ஈரத்துணியைப் பிழிவது போல இரண்டு முனைகளையும் எதிரெதிராக முறுக்குங்கள். அதுவும் ஒடியும், ஆனால் முகம் தட்டையாக இருக்காது. சாய்வாக, சுருள் ஏணி போல ஒரு வளைவு சாக்பீஸைச் சுற்றி ஏறும். வளைக்காமல் முறுக்க மட்டும் கை பழக வேண்டும். எனக்கு நாலு சாக்பீஸ் செலவானது, மகளுக்கு இரண்டு.

அதே சாக்பீஸ், அதே கை. முறிந்த விதம் மட்டும் ஏன் மாறியது? வாயால் விளக்கப் பார்த்தேன், தோற்றேன். அப்புறம் குளியலுக்கு வைத்திருந்த நீளமான ஸ்பாஞ்சில் ஸ்கெட்ச் பேனாவால் சின்னச் சின்னச் சதுரங்கள் வரைந்து முறுக்கிக் காட்டினேன். சதுரங்கள் சாய்ந்து வைர வடிவமாயின. ஒவ்வொன்றிலும் ஒரு மூலைவிட்டம் நீண்டது, மற்றது குறுகியது. முறுக்குவது என்பது சாய்வாக, 45 டிகிரியில் இழுப்பதும் சேர்ந்ததுதான். சாக்பீஸ் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. எங்கே அதிகம் இழுபடுகிறதோ அதற்குக் குறுக்காக விரிசல் ஓடும். வளைக்கும்போது இழுவை நீளவாக்கில் இருப்பதால் முறிவு நேர்க்குறுக்காக வருகிறது. முறுக்கும்போது இழுவையே சாய்வு என்பதால் முறிவும் சாய்ந்து சுருள்கிறது. இதே சுருள் முறிவு எலும்பிலும் வரும். காலைத் திருகிக்கொண்டு விழுந்தவர்களின் எக்ஸ்ரேயில் பார்க்கலாம். இதை மட்டும் அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது. ஒரு வாரம் என் கையை முறுக்கிப் பார்க்கிறேன் என்று பின்னாலேயே வந்தாள்.

ரப்பர் பேண்டை உதட்டில் வைத்துப் பார்க்கும் விளையாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அகலமான ஒன்றைச் சட்டென்று இழுத்து உடனே மேலுதட்டில் வையுங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். இழுத்தபடியே கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டுத் தளர்த்தி வையுங்கள், குளிரும். இதை 1805-ல் எழுதி வெளியிட்ட ஜான் கஃப் பார்வையற்றவர். கண்ணுக்குத் தெரியாத ஒரு விஷயத்தை உதட்டால் கண்டுபிடித்தவர் என்று சொன்னதும் பிள்ளைகள் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி செய்து பார்த்தார்கள். பட்டை அறுந்து முகத்தில் அடிக்கும் என்பதால், கண்ணை மூடிச் செய்வதே நல்லது என்று நானும் விட்டுவிட்டேன்.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தைகளின் டயப்பருக்குள் வெள்ளைப் பொடி ஒன்று இருக்கும், சோடியம் பாலிஅக்ரிலேட். தன் எடையைப் போலச் சில நூறு மடங்கு நீரைக் குடித்து ஜெல்லாக வீங்கும். ஒரு டயப்பரைக் கிழித்துப் பொடியைச் சேர்த்து, தண்ணீர் ஊற்றி, கோப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேன். ஒரு சொட்டு விழவில்லை. பலத்த கைதட்டல். அது அடங்குவதற்குள் அந்த ஜெல்லை நான் கை கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டேன். குழாய் வேலை செய்பவர் வந்து, உள்ளேயிருந்து வழித்தெடுத்ததைப் பார்த்து, "இது என்னங்க?" என்று கேட்டார். அறிவியல் என்று சொல்ல வாய் வரவில்லை. உப்பைத் தூவினால் அந்த ஜெல் நீரைக் கக்கிச் சுருங்கிவிடும் என்பது எனக்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அடுத்த தடவை இரண்டு கோப்பை வைத்தோம், ஒன்றில் மட்டும் உப்பு. இரண்டும் கடைசியில் குப்பைத்தொட்டிக்குத்தான் போயின.

இன்னொரு தவறு இதைவிட மோசம், ஏனென்றால் அது யார் கண்ணிலும் படவில்லை. உடைந்த தம்ளரைப் பற்றிப் பேசும்போது, "கண்ணாடி உண்மையில் ரொம்ப மெதுவாக ஓடுகிற திரவம், பழைய தேவாலய ஜன்னல்களில் அடிப்பக்கம் தடித்துப்போயிருக்குமாம்" என்று மகளிடம் அளந்துவிட்டேன். நானும் பள்ளியில் அப்படித்தான் கேட்டிருந்தேன். அது தவறு. மணலோடு சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்து உருக்கிக் குளிரவைக்கும்போது, அணுக்கள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள நேரமில்லாமல் குலைந்த நிலையிலேயே இறுகிவிடுகின்றன. அதனால் அடுக்கு திரவத்தை ஒத்திருக்கும், ஆனால் அறை வெப்பத்தில் அது திடப்பொருள்தான், நூற்றாண்டுகளில் கண்ணுக்குத் தெரியும்படி ஓடாது. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகளே சீரில்லாத தடிமனில்தான் வந்தன. ஊதிச் சுழற்றிச் செய்த முறை அப்படி. திருத்திச் சொன்னபோது அவள் கேட்டாள்:

"அப்போ நீ பொய் சொன்னியா?"

"பொய் இல்லடா. தப்பா தெரிஞ்சு வச்சிருந்தேன்."

"எனக்கு எப்படித் தெரியும், எது தப்பு எது சரின்னு?"

பதில் வரவில்லை எனக்கு. கரண்டியும் பனிக்கட்டியும் மேஜை மேல் வைத்துச் சோதிக்கக்கூடியவை. நூற்றாண்டு கடந்த ஜன்னலை நான் எங்கே போய்க் கொண்டுவருவேன்? அதிலிருந்து ஒன்றைச் சொல்லும்போது, நாமே பார்த்ததா, படித்ததா என்று கூடவே சொல்லிவிடுகிறேன். அவளும் இப்போதெல்லாம் என்னைக் கேட்கிறாள். சில சமயம் ரொம்பவே கேட்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை வெளியே கிடந்த காய்ந்த குச்சி ஒன்றை எடுத்து வந்தாள். சாக்பீஸ் போல முறுக்கினால் சுருளாக ஒடியுமா என்று பார்க்கணுமாம். ஒடியும் என்று அவள் பந்தயம் எழுதினாள். எனக்கும் சரியாகத் தெரியவில்லை, ஆனாலும் எதிர்ப்பக்கம் எழுதினேன். முறுக்கினோம். ஒடியவில்லை. நெடுகப் பிளந்து, நார் நாராகப் பிரிந்து, கையில் ஒரு துடைப்பம் போல விரிந்தது. அவள் அதை முகத்துக்கு அருகே வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே ஓடிப்போய் ஒரு செய்தித்தாளோடு வந்தாள்.

"இதுவும் ஒரு பக்கமாத்தான் கிழியுது, அதுவும் ஒரு பக்கமாத்தான் கிழியுது" என்றாள். "ரெண்டும் ஒண்ணாம்மா?"